சிக்னலில் மூச்சு வாங்கிய வண்டி: ஒரு இன்லெட் சூட்டின் நிகழ்வு ஆய்வு

கத்திரி தொடங்கி ஒரு வாரம் இருக்கும். என் தங்கை வீட்டுக்காரர் கையில் ஒரு தங்க நிற டேப் சுருளோடு மஞ்சக்குப்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். மருந்து விற்பனைப் பிரதிநிதி. வாரத்தில் ஐந்து நாள் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய் வருகிறவர். வண்டி 150 சிசி, காற்றில் குளிரும் எஞ்சின், காற்றையும் பெட்ரோலையும் கலக்க கார்புரேட்டர், 2011 மாடல்.

“மச்சான், இந்த டேப்ப ஏர் இன்லெட்ட சுத்தி ஒட்டிக் குடுத்துடுங்க, அது போதும். சூட்டுக்காத்து உள்ள போறதாலதான் வண்டி ஆஃப் ஆவுதாம். வீடியோல பாத்தேன்.”

“ஒட்டலாம் மாப்ள. எவ்ளோ சூடுன்னு முதல்ல பாத்துடுவோம்.”

தொழிற்சாலையில் எனக்கு இன்ஸ்ட்ருமென்டேஷன் வேலை. அளக்காமல் ஒன்றைச் சரிசெய்வது என்றாலே கை கூசும். அதனால் அன்றைக்கு டேப் ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. அவரும் இன்னும் அரியாங்குப்பத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டிருப்பார்.

வண்டியின் புகார்

அவர் சொன்னதில் மூன்று புகார்கள் கலந்து கிடந்தன. முதலாவது, அரியாங்குப்பம் நெரிசலிலும் மரப்பாலம் சிக்னலிலும் நின்றால் ஸ்லோ (ஆக்ஸிலேட்டர் தொடாதபோது எஞ்சின் சுற்றுகிற வேகம்) ஏறி இறங்கி, வண்டி ஆஃப் ஆகிவிடும். இரண்டாவது, மத்தியானத்தில் பிக்கப் குறைவு. மூன்றாவதுதான் அவரை அழவைத்தது. ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு கால் மணி நேரத்தில் வெளியே வந்தால் வண்டி கிளம்பாது. செல்ஃப் போட்டாலும் இல்லை, கிக்கர் உதைத்தாலும் இல்லை. அரை மணி நேரம் விட்டுவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும்.

அதற்குள் இரண்டு பட்டறைகள் பார்த்தாகிவிட்டது. பிளக் மாறியது, பேட்டரி மாறியது, ஃப்ளோட் ஊசி மாறியது. கடைசியாக ஒரு நண்பர் பேச்சைக் கேட்டு காற்று வடிகட்டி இருக்கும் ஏர் பாக்ஸையே கழற்றி எறிந்துவிட்டு, கார்புரேட்டரின் வாயில் நேராக ஒரு கோன் ஃபில்டரை மாட்டியிருந்தார். சத்தம் நன்றாக இருக்கிறது என்றார். இருந்தது, மறுக்கவில்லை.

அளந்த விதம்

சூட்டை மின்னழுத்தமாக மாற்றிக் காட்டும் கே டைப் தெர்மோகப்பிள் ஒயர் இரண்டு, இரண்டு சேனல் மீட்டர் ஒன்று. இந்த வகை ஒயரில் டிகிரிக்கு ஏறக்குறைய 41 மைக்ரோவோல்ட்தான் பிறக்கும். சாதாரணத் தரத்தில் இரண்டரை டிகிரி வரை பிழை வரலாம் என்றே கணக்கு. அதனால் முதலில் ஐஸ் தண்ணீரிலும் கொதிக்கும் தண்ணீரிலும் முக்கிப் பார்த்தேன். கடலூரில் இதற்கு ஒரு சௌகரியம் உண்டு. ஊரே கடல் மட்டத்தில் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியில்தான் கொதிக்கும், திருத்தக் கணக்கு எதுவும் வேண்டாம். என் ஒயர்கள் ஒரு டிகிரிக்குள் நின்றன. ஆகவே இரண்டு டிகிரிக்குக் குறைவான எந்த வித்தியாசத்தையும் கணக்கில் எடுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

ஒரு முனையை ஃபில்டரின் வாயருகே, வெயிலும் எஞ்சினின் நேர்க் கதிரும் படாமல் சின்ன அட்டைக் குழலுக்குள் வைத்தேன். இன்னொன்றை, கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்குகிற ஃப்ளோட் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவில் இறுக்கினேன். வெளிச்சூட்டுக்கு ஹெட்லைட்டின் முன்னால் நிழலில் ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர். பின் சீட்டில் நான் மீட்டரைப் பிடித்தபடி, மாப்பிள்ளை ஓட்ட, மஞ்சக்குப்பத்திலிருந்து பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று போனோம். முள்ளோடையில் பெட்ரோல் போட்டோம். புதுச்சேரி எல்லையைத் தொட்டதும் விலை குறைவதால் கடலூர்க்காரர்கள் செய்கிற காரியம்தான்.

முதல் நாள் அளவு வீணாய்ப் போனது. பன்னிரண்டரை மணி வாக்கில் கடல் காற்று உள்ளே வந்ததும் வெளிச்சூடு அரை மணியில் 37-லிருந்து 34-க்கு இறங்கிவிட்டது. போகும்போது எடுத்ததையும் வரும்போது எடுத்ததையும் ஒப்பிட வழியில்லை. அப்புறம்தான் மொத்தச் சூட்டை விட்டுவிட்டு, வெளிச்சூட்டுக்கு மேல் எத்தனை டிகிரி என்று மட்டும் எழுத ஆரம்பித்தேன். கீழே வரும் எண்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

இரண்டாம் நாள் கிடைத்தது இது. 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது ஃபில்டர் வாயில் 6 டிகிரி கூடுதல். அரியாங்குப்பத்தில் ஐந்து நிமிடம் எஞ்சின் ஓட நின்றபோது 24 டிகிரி கூடுதல், அதாவது 61. அப்போது கிண்ணம் 14 கூடுதல். தவளக்குப்பத்தில் டீக்கடையோரம் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றோம். கிண்ணம் ஏற ஆரம்பித்தது. 55, 59, 63. டீ ஆறிக்கொண்டிருந்தது, கார்புரேட்டர் ஏறிக்கொண்டிருந்தது. பத்தாவது நிமிடம் 68-இல் நின்றது. வெளிச்சூட்டைவிட 31 அதிகம்.

அந்த நேரம் காதைக் கார்புரேட்டர் பக்கம் வைத்துக் கேட்டேன். உள்ளே களக், களக் என்று சத்தம், உலை கொதிப்பதற்கு முந்தின நிலையில் வருமே, அது மாதிரி. ஓவர்ஃப்ளோ குழாயின் நுனியில் பெட்ரோல் துளித்துளியாகக் கட்டி விழுந்தது. பெட்ரோல் வாசனை டீக்கடை வரைக்கும் வந்தது. சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஒருவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டியிருந்தது.

செல்ஃப் போட்டால் கிளம்பவில்லை. சோக் போடாமல் ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கிப் பிடித்துக்கொண்டு கிக்கரை உதைக்கச் சொன்னேன். ஆறாவது உதையில் இருமியது. எட்டாவதில் கறுப்புப் புகை விட்டுக் கிளம்பியது.

அந்தப் புகைதான் வழக்கைத் திருப்பிவிட்டது. பெட்ரோல் வராமல் நின்ற வண்டி என்றால் முழு ஆக்ஸிலேட்டரில் கிளம்பியிருக்காது, பிளக்கும் காய்ந்திருக்கும். இங்கே பிளக்கைக் கழற்றினால் ஈரம். கிண்ணத்தில் கொதித்த பெட்ரோல் மெயின் ஜெட் என்கிற பெட்ரோல் துளை வழியாகப் பொங்கி, கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கிற இன்லெட் பைப்புக்குள் வழிந்து எஞ்சினை மூழ்கடித்திருக்கிறது. முந்தின பட்டறைகளில் இதை ஏர் லாக் என்று சொல்லியிருந்தார்கள். அது பெட்ரோல் வராத நோய், இதுவோ வேண்டாத நேரத்தில் வந்து குவிகிற நோய். வைத்தியம் வேறு.

எண்களைக் கொஞ்சம் பேச வைத்தால்

காற்று சூடானால் விரியும், அதே சிலிண்டருக்குள் எடை குறைவாகப் போகும். எவ்வளவு குறைவு என்பதைத் தனிவெப்பநிலையை வைத்து மனக்கணக்காகவே போடலாம். 37 டிகிரி என்பது 310 கெல்வின், 43 என்பது 316. ஓடும்போது இழப்பு 2 சதவீதம். இந்த இரண்டு சதவீதத்தைப் பின்சீட்டில் நான் ஏறி உட்காருவதே தின்றுவிடும். நிற்கும்போது 61 டிகிரி, 334 கெல்வின். இழப்பு 7 சதவீதம். நிற்கிற வண்டிக்குச் சக்தி எதற்கு? ஆனால் கார்புரேட்டருக்குக் காற்று சூடானது தெரியாது. காற்றின் எடை குறைந்த அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்காது, கலவை கொஞ்சம் கொழுத்துவிடும், ஸ்லோ தடுமாறும். முதல் புகாருக்கு இதில் ஒரு பங்கு இருக்கலாம்.

மூன்றாவது புகாருக்கு இந்தக் காற்றில் பங்கே இல்லை. அணைத்த எஞ்சின் காற்றை இழுப்பதில்லை.

ஆக “இன்லெட் சூடு” என்று ஒரே பெயரில் இரண்டு சங்கதிகள் ஒளிந்திருந்தன. உள்ளே போகிற காற்றின் சூடு ஒன்று. இன்லெட் வழியாக உலோகம் உலோகமாக ஏறி வந்து கார்புரேட்டரைச் சுடவைக்கிற சூடு இன்னொன்று. டேப் விற்கிறவர்கள் முதலாவதைப் பற்றியே பேசுகிறார்கள். மாப்பிள்ளையை நடுரோட்டில் நிறுத்தியது இரண்டாவது.

பெட்ரோல் தண்ணீர் மாதிரி ஒரே சூட்டில் கொதிக்கிற பொருள் இல்லை. பல சரக்குகளின் கலவை. லேசானவை 40 டிகிரிக்குப் பக்கத்திலேயே ஆவியாகத் தொடங்கும், கனமானவை 150-ஐத் தாண்டியும் கிடக்கும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது இ20, ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனால் தனியாக 78 டிகிரியில் கொதிக்கும். பெட்ரோலின் லேசான சரக்குகளோடு சேர்ந்துவிட்டாலோ இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு அதற்கும் கீழேயே ஆவியாகும். அதனால் எத்தனால் கலந்த பெட்ரோலில் 70 டிகிரிக்குள் ஆவியாகிற பங்கு கலக்காததைவிட அதிகம். என் கிண்ணம் 68-இல் நின்றது. மோசமான இடத்தில்தான் நின்றிருக்கிறது. எத்தனாலை மட்டும் பழி சொல்ல மாட்டேன், ஏனென்றால் தெருவில் இதே பெட்ரோலைக் குடித்துக்கொண்டு இதே வயது வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தது

முதலில் கோன் ஃபில்டரைக் கழற்றிவிட்டுப் பழைய ஏர் பாக்ஸை மாட்டினோம். நல்லவேளை, தங்கை அதைப் பரணில் போட்டு வைத்திருந்தாள். கம்பெனி கொடுத்த அந்தக் கறுப்புப் பெட்டியை அழகில்லாத பிளாஸ்டிக் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதன் மூக்கு எங்கே திறக்கிறது என்று பாருங்கள். சீட்டுக்கு அடியில், சைடு கவருக்குள், எஞ்சினின் தலைப்பகுதியான ஹெட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி. கோன் ஃபில்டரோ ஹெட்டுக்கு நேர் பின்னால், டேங்குக்கு அடியில் அனல் காற்று தேங்குகிற பொந்துக்குள் வாயைத் திறந்துகொண்டு நின்றது. மாற்றியபின் ஓடும்போது 6 இருந்தது 2 ஆனது; நிற்கும்போது 24 இருந்தது 10 ஆனது. பிக்கப் திரும்பிவிட்டதாக மாப்பிள்ளை சொன்னார். அதைக் குளிர்ந்த காற்றின் கணக்கில் நான் எழுதவில்லை. கோன் ஃபில்டருக்கு ஏற்ப ஜெட் மாற்றாமல் ஓட்டியதில் கலவை ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. பாக்ஸ் வந்ததும் அதுவும் சேர்ந்து சரியாகியிருக்கும்.

கிண்ணத்தின் சூடு? அணைத்துப் பத்தாவது நிமிடத்தில் 31 இருந்தது 29. கிளம்பாத நோய் அப்படியே.

அடுத்து, அவர் மனம் நோகக்கூடாது என்று டேப். ஏர் பாக்ஸின் மூக்கிலும் எஞ்சின் பக்கச் சுவரிலும் சுருக்கமில்லாமல் ஒட்டினோம். பளபளவென்று கோயில் கலசம் மாதிரி இருந்தது. வித்தியாசம் ஒரு டிகிரி, அதாவது என் கணக்கில் ஒன்றுமில்லை. பளபளப்பான தகடு கதிராக வருகிற சூட்டைத்தான் திருப்பி அனுப்பும். எரிந்து சிவந்த சைலன்சர் பெண்ட் பக்கத்தில் இருந்தால் அதற்கு வேலை உண்டு. இங்கே சூடு வந்தது காற்றாகவும் உலோகமாகவும்.

சைலன்சர் பெண்டுக்குத் துணிப்பட்டி சுற்றலாமா என்று கேட்டார். மறுத்துவிட்டேன். பெண்டின் சூட்டை அது உள்ளேயே அடக்கும், உண்மைதான். ஆனால் கடலோரத் தேவனாம்பட்டினத்துக் காற்றில் நிற்கிற வண்டிக்கு அது ஆகாது. உப்பு ஈரத்தைப் பட்டி குடித்து வைத்துக்கொள்ளும். சாதா இரும்புக் குழாய், உள்ளுக்குள்ளேயே துரு தின்றுவிடும், வெளியே தெரியவும் தெரியாது.

இரண்டு வாஷர்

ஞாயிற்றுக்கிழமை காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, இன்லெட் பைப்பைக் கழற்ற உட்கார்ந்தேன். 10-ஆம் நம்பர் போல்ட் இரண்டு. முதல் போல்ட்டை வெளியே எடுத்ததும் கை நின்றது. போல்ட் தலைக்குக் கீழே இரண்டு வாஷர் கோத்திருந்தது. இரண்டாவது போல்ட்டிலும் இரண்டு. அதிலும் ஒன்று வேறு ஏதோ வண்டியின் தடித்த வாஷர், அளவு கூடப் பொருந்தவில்லை.

கம்பெனியில் யாரும் இப்படிக் கோர்க்க மாட்டார்கள். போல்ட் நீளம் மிஞ்சுகிறது, இறுக்கினால் அடியில் போய் முட்டுகிறது என்றால்தான் ஒருவர் வாஷர் தேடுவார். போல்ட் ஏன் மிஞ்சும்? நடுவில் இருக்க வேண்டிய ஏதோ ஒன்று இல்லை.

ஹெட்டுக்கும் இன்லெட் பைப்புக்கும் நடுவில் மெல்லிய காகித பேக்கிங் மட்டும் இருந்தது. அங்கே ஒரு கறுப்பு பேக்லைட் துண்டு, சூட்டை எளிதில் கடத்தாத கெட்டிப் பிளாஸ்டிக், இருக்க வேண்டும். உதிரிபாகக் கடையில் படத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டோம். விசாரித்ததில், இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பட்டறையில் ஹெட் வேலை நடந்தது மாப்பிள்ளைக்கு நினைவு வந்தது. பேக்லைட் உடைந்திருக்கும், அல்லது தொலைந்திருக்கும். வாஷர் போட்டு அனுப்பிவிட்டார்கள். குளிர்காலத்தில் ஒன்றும் தெரியவில்லை. முதல் கத்திரியிலேயே புகார் தொடங்கியிருக்கிறது. அவரோ அதை வெயிலின் குற்றம் என்று நினைத்துக்கொண்டார்.

இந்தத் துண்டு செய்கிற வேலையை எண்ணில் சொன்னால் புரியும். வார்ப்பு அலுமினியம் ஒரு மீட்டர் தடிமனுக்கு டிகிரிக்கு 100 வாட்டுக்கு மேல் சூட்டைக் கடத்தும். பேக்லைட் அதே கணக்கில் ஒரு வாட்டில் சில பத்தில் பங்குகள்தான். நூற்றுக்கணக்கான மடங்கு வித்தியாசம். காற்றில் குளிர்கிற ஹெட் ஓடி நின்றதும் 150 டிகிரி வாக்கில் கொதித்துக்கொண்டிருக்கும். ஓடுகிறவரை முன்காற்று எஞ்சினைச் சுற்றியுள்ள ஃபின் தகடுகளை ஆற்றும், கார்புரேட்டருக்குள் ஆவியாகிற பெட்ரோலும் அதைக் குளிர்விக்கும். சாவியைத் திருப்பியதும் இரண்டும் ஒரே நொடியில் நின்றுவிடும். ஹெட்டில் தேங்கிய சூடு போக வழி தேடும். பேக்லைட் இல்லாத வண்டியில் நேர் வழி கார்புரேட்டர்தான். அணைத்த பிறகு கிண்ணம் ஏறியதன் ரகசியம் இது.

புதுத் துண்டும் இரண்டு பக்கத்துக்கும் ஓ ரிங் என்கிற ரப்பர் வளையமும் புதுச்சேரியில் கிடைத்தன. விலை அந்த டேப் சுருளைவிடக் குறைவு. வாஷரை எடுத்துவிட்டு மாட்டினேன். பேக்லைட் நொறுங்குகிற சரக்கு. டி ஸ்பேனரில் மொத்த பலத்தையும் காட்டினால் போல்ட் நுழைகிற அதன் காதில் கீறல் விழும், இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறுக்க வேண்டும். இதைச் சொல்கிற நானே முதல் தடவை கோட்டை விட்டேன். ஒரு ஓ ரிங் பள்ளத்தில் சரியாக உட்காரவில்லை. ஸ்லோ தானாக ஏறி விர்ரென்று நின்றது. சந்தில் காற்று புகுந்துவிட்டது. திரும்பக் கழற்றி, ரிங்கில் துளி கிரீஸ் தடவி ஒட்டவைத்து மாட்டியபின் அடங்கியது.

அன்றைக்கே இன்னொரு தப்பும் செய்தேன். கையோடு கையாக, ஃபின் இடுக்குகளில் செயின் ஆயிலும் மண்ணும் சேர்ந்து பாறையாகிக் கிடந்ததை மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷும் கொண்டு சுரண்டி எடுத்துவிட்டேன். வண்டிக்கு நல்லது, ஆய்வுக்குக் கெட்டது. மறுநாள் தவளக்குப்பத்தில் அதே டீக்கடையில் கிண்ணம் வெளிச்சூட்டுக்கு மேல் 17-இல் நின்றது, 29 இருந்த இடத்தில். 12 டிகிரி இறக்கம் யார் சம்பாத்தியம்? பேக்லைட்டா, டூத் பிரஷ்ஷா?

தூக்கம் வராமல் அடுத்த ஞாயிறு பேக்லைட்டைக் கழற்றிவிட்டு, பழைய காகித பேக்கிங்கும் வாஷரும் மாட்டி, ஃபின்னைச் சுத்தமாகவே விட்டு, மறுபடி ஓட்டினோம். “சரியான வண்டியக் கெடுத்துப் பாக்குற ஆள் நீங்க ஒருத்தர்தான் மச்சான்” என்றார். கிண்ணம் 27-இல் நின்றது. களக் களக் சத்தமும் திரும்பி வந்தது. பன்னிரண்டில் பத்து பேக்லைட்டுடையது என்று எழுதிக்கொண்டேன். மீதி இரண்டு என் பிழை எல்லையில் இருக்கிறது, ஃபின்னுக்குக் கொடுத்தாலும் கொடுக்கலாம். அன்று சாயங்காலமே பேக்லைட் திரும்ப ஏறிவிட்டது.

மிச்சம் மீதி

ஹெட்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் ஒரு அலுமினியத் தகடு வெட்டி நிறுத்தியும் பார்த்தேன். இன்னும் 3 டிகிரி இறங்கியது. ஆனால் 60-ஐத் தாண்டினால் தகரக் கொட்டகை மாதிரி அதிர்ந்தது, எடுத்துவிட்டேன்.

பிஎஸ்-6 என்கிற புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் கார்புரேட்டருக்குப் பதில் பெரும்பாலும் இன்ஜெக்டர்தான். பெட்ரோல் சுமார் 3 பார் அழுத்தத்தில் நிற்பதால் அத்தனை லேசில் கொதிக்காது. காற்றின் சூட்டை ஒரு சென்சார் பார்த்து எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குச் சொல்லிவிடும். அங்கே கிளம்பாத நோய் வந்தால் இந்தக் கட்டுரை உதவாது.

இதை எழுதுகிறபோது ஆனி பாதி. கிண்ணம் ஓடி நின்றபின் 54 டிகிரி வாக்கில் நிற்கிறது. ஓவர்ஃப்ளோ குழாய் காய்ந்து கிடக்கிறது. மரப்பாலத்தில் ஸ்லோ ஆடுவதில்லை. மேற்குக் காற்று நாள் முழுக்கப் பிடித்து, கடல் காற்று சாயங்காலம் வரை உள்ளே வராத ஒரு நாளில் மட்டும் இரண்டாவது உதை கேட்டதாம். அதை அவரே ஒரு துண்டுச் சீட்டில் நேரம், இடம், எத்தனை நிமிடம் நின்றது என்று குறித்துக்கொண்டு வந்து கொடுத்தார்.